சோழவரம் ஓடுதளமும் நாற்பது கிலோமீட்டர் ஊரும்

அந்தமானில், பெரார்கஞ்சில் கார் ஓட்டக் கற்றுத்தருவது என் தொழில். இந்த ஊரில் நான்காவது கியருக்கு அதிகம் வேலையில்லை. தெற்கே பாம்பூஃபிளாட் போனாலும் மேற்கே துஷ்னாபாத் போனாலும் ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். வடக்கே போனால் ஜிர்காடாங் சோதனைச் சாவடி. அதற்கப்பால் ஜாரவா காப்பகம் என்பதால் டிரங்க் ரோட்டில் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசைகட்டித்தான் போகவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, முந்தக்கூடாது, நடுவில் நிறுத்தக்கூடாது. மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறக்குறைய 49 கிலோமீட்டரும் இப்படியேதான். காட்டுக்குள் இருக்கும் மனிதர்களுக்காகப் போட்ட விதி அது, எனக்கு அதில் மனக்குறை கிடையாது. ஆனால் இந்த ரோட்டிலேயே ஓட்டி ஓட்டி வயதான ஒருவன் வேகத்தைப் பற்றி எழுதலாமா என்று யாராவது கேட்டால், எழுதலாம் என்பேன். வேகத்தை ரோட்டில் காட்ட முடியாத ஊரில் இருப்பவனுக்குத்தான், அதற்கென்று தனி இடம் எங்கே, எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கும்.

எங்கள் ஊருக்குப் பெயர் தந்த மைக்கேல் லாய்ட் ஃபெரார் 1923 முதல் 1931 வரை இங்கே தலைமை ஆணையராக இருந்தவர். ஆட்சி நேரம் போக மிச்ச நேரத்தில் வண்ணத்துப்பூச்சி பிடித்துச் சேகரித்தவர். அவர் இங்கே வலையோடு திரிந்த காலத்தில், 1927-இல், ஜெர்மனியில் நூர்புர்க்ரிங் என்ற பந்தயப் பாதையைத் திறந்தார்கள். மலையும் காடுமாக, எங்கள் டிரங்க் ரோட்டைப் போலவே நெளிந்து நெளிந்து போகும் பாதை. பந்தயம் இல்லாத நாள்களில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிவிட்டுத் தன் சொந்த வண்டியில் சுற்றி வரலாம் என்று ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்கள். இன்று டிராக் டே என்று நாம் சொல்கிற வழக்கத்துக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ரேஸ்காரர் ஆகாமலே, பரிசுக்கு ஆசைப்படாமலே, வண்டியை அதன் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்க்க ஒரு சாதாரண ஆளுக்கு இடம் கிடைத்தது. நம் பக்கத்தில் அந்த இடம் கிடைக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நம் பக்கத்துக் கதை சோழவரத்தில் தொடங்குகிறது. சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். இரண்டாம் உலகப் போருக்காக அங்கே ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, ஓடுதளம் வெயிலில் கிடந்தது. இங்கிலாந்திலும் நடந்தது இதுதான். சில்வர்ஸ்டோன், குட்வுட் இரண்டுமே போர்க்கால விமானத்தளங்கள்தான், இரண்டிலும் 1948-இல் பந்தயம் தொடங்கியது. அமெரிக்காவில் செப்ரிங் விமானத்தளத்தில் 1952-இல் 12 மணி நேரப் பந்தயம் ஓடியது. சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் உருவானது. அந்தப் பத்தாண்டிலேயே சோழவரம் அவர்கள் களமாகிவிட்டது.

எங்கள் தீவிலும் போர் ஓர் ஓடுதளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. 1942-இலிருந்து 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தபோது போர்ட் பிளேரில் விமான ஓடுதளத்துக்காக இங்குள்ளவர்களை அடித்து வேலை வாங்கினார்கள். மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள், கதையும் இருக்கிறது. அந்த இடம் விமானத்துக்கே நிலைத்துவிட்டது. இன்று கடற்படையும் பயணிகள் விமானங்களும் அந்த ஒரே ஓடுதளத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நல்லதுதான். தீவுக்கு விமானம் வேண்டும், ரேஸ் வேண்டாம்.

நான் சோழவரத்தைப் பார்த்தது எண்பதுகளின் முதல் பாதியில். ஆட்டோமொபைல் டிப்ளமா படிக்கக் கப்பலேறி மெயின்லேண்டு போயிருந்தேன். பங்க் கிளாஸில் மூன்று நாள் வாந்தியும் டீயுமாக வந்து சேர்ந்த பையனுக்குச் சென்னை ரோடே ரேஸ் மாதிரி இருந்தது. ஜனவரி, பிப்ரவரியில் சோழவரத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம். கரும்புச்சாறு, புழுதி, ஒலிபெருக்கி, எரிந்த ஆயில் வாசனை. விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியது அந்தக் காலத்தில்தான். கூட்டம் அதைப் பார்க்க அலைமோதும். எனக்கு ஃபியட்டுகள்தான் பிடித்தன. பிரீமியர் பத்மினியின் 1,089 சிசி இன்ஜினை நோண்டி நோண்டி, எடை குறைத்து, ஸ்டியரிங் தண்டில் இருந்த கியரைக் கீழே இறக்கி, என்னென்னவோ செய்திருப்பார்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதை வைத்துக்கொண்டு ஓடுதளத்தின் முழு நீளத்துக்கும் மிதித்துவிட்டு, முடிவில் நிறுத்தவேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. விமானத்துக்கு வளைவு தேவையில்லை, அதனால் ஓடுதளத்துக்கும் வளைவு கிடையாது. ஆங்கில எழுத்து டி போல ஒன்றையொன்று தொடும் தளங்களில் டயரும் டிரம்மும் வைக்கோல் கட்டும் வைத்து வளைவுகளை உண்டாக்கினார்கள். அப்படி உண்டான பாதையில் நீளமான நேர்ப்பகுதி, பிறகு பலமான பிரேக், பிறகு இறுக்கமான திருப்பம். மலைப்பாதையில் வளர்ந்த ஓட்டுநருக்கு வளைவுகளை ஒன்றோடொன்று கோக்கத் தெரியும். சோழவரத்தில் வளர்ந்தவருக்கு பிரேக் தெரியும். களம் எப்படியோ கை கால் அப்படி. சென்னை ரேஸ்காரர்கள் பல வருஷம் பேசிக்கொண்டதெல்லாம் எந்த டிரம் பக்கத்தில் பிரேக் வைப்பது என்றுதான்.

எங்கள் டிரங்க் ரோட்டு வரிசையில் 40-இல் போகும் கார், காய்ந்த ரோட்டில், நல்ல டயரோடு, பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 8 மீட்டரில் நின்றுவிடும். அதே காரும் அதே டயரும் 120-இல் வந்தால் சுமார் 71 மீட்டர் வேண்டும். வேகம் மூன்று மடங்கு, தூரம் ஒன்பது மடங்கு. இதை நான் வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டுவேன். ஒருத்தரும் நம்பமாட்டார்கள். சோழவரத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு எழுதிக் காட்டவே வேண்டாம். டிரம் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல், ஃபியட் ஒன்று டயர் வரிசையைத் தள்ளிக்கொண்டு ஓடுதளத்தின் கடைசி வரை போனதை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் இறங்கி வந்து ஒரு பீடி பற்றவைத்தார்.

ஆனால் அங்கே கற்றுத்தர யாரும் இல்லை. அண்ணன் தம்பிக்குச் சொல்வார், மெக்கானிக் முதலாளிக்குச் சொல்வார், தோற்றவர் டீக்கடையில் சொல்வார். பந்தயத்தில் இறங்கு, இல்லாவிட்டால் வேலிக்கு வெளியே நில். நடுவில் ஓர் இடம் கிடையாது. காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் இறங்கினார்கள், மற்றவர்கள் நின்றார்கள். சோழவரத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

எனக்குப் பாடம் கிடைத்தது மூர் மார்க்கெட்டில். 1985-இல் அது எரிந்துபோகுமுன் பழைய புத்தகக் கடையில் பால் ஃப்ரேர் எழுதிய நூல் ஒன்று கைக்கு வந்தது. ஃப்ரேர் பெல்ஜியப் பத்திரிகையாளர். 1960-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஃபெராரியில் ஒலிவியே ஜாந்தபியாங்கோடு சேர்ந்து வென்றவர். ஓட்டத் தெரிந்தவர் எழுதத் தெரியாதவராகவும், எழுதத் தெரிந்தவர் ஓட்டத் தெரியாதவராகவும் இருப்பதுதான் உலக வழக்கம். இவருக்கு இரண்டும் வந்தது. அவருக்குக் கொஞ்சம் முன்னால், 1957-இல் மில்லே மிலியா பந்தயத்தை வென்ற இத்தாலியர் பியரோ தாருஃபி, பொறியாளர் ஆனதால், வளைவைக் கணக்காகவே போட்டுப் புத்தகம் எழுதினார். அதுவரை பரம்பரைக் கைவைத்தியம் போல வாய்வழி வந்த வித்தை, இவர்கள் கையில் பாடப்புத்தகம் ஆயிற்று.

புத்தகத்தின் சாரத்தை என் மாணவர்களுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். நான்கு டயரும் சேர்ந்து ரோட்டைப் பிடிக்கும் பிடி ஓர் அளவுதான். அதை பிரேக்குக்குக் கொடுக்கலாம், திருப்பத்துக்குக் கொடுக்கலாம், இரண்டுக்கும் முழுதாகக் கொடுக்க முடியாது. அதனால் முதலில் நேராக இருக்கும்போதே பலமாக பிரேக் பிடி, ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்கக் காலை மெதுவாகத் தளர்த்து. பிறகு பாதையின் அகலம் முழுவதையும் பயன்படுத்து. வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போ. 25 மீட்டர் ஆரத்தில் திரும்ப வேண்டிய வளைவை இப்படி விரித்து 40 மீட்டர் ஆரமாக்கிக்கொண்டால், 50-இல் திரும்பிய அதே டயர் 63-இல் திரும்பும். இன்ஜினுக்கு ஒரு பைசா செலவில்லை. அடுத்தது, உள் ஓரத்தைத் தொடும் புள்ளியைச் சற்றுத் தள்ளி வை. அவசரப்பட்டு முன்பே திரும்பியவன் வளைவு முடியும்போது பாதைக்கு வெளியே போகிறான். பொறுத்துத் திரும்பியவன் முன்னதாகவே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறான். அந்த மிதி அடுத்து வரும் நேர்ப்பகுதி முழுக்கக் கூட வரும்.

இதில் பாதியை என் அப்பா புத்தகம் இல்லாமலே சொல்லியிருக்கிறார். டிரங்க் ரோடு போட்ட காலத்தில் பொதுப்பணித் துறை லாரியில் கல்லும் மண்ணும் ஏற்றியவர் அவர். “மோட் வர்றதுக்கு முன்னாடியே கியர், பிரேக் எல்லாம் முடிச்சிடணும்டா. உள்ள போயிட்டு யோசிக்கக் கூடாது” என்பார். மோட் என்றால் வளைவு. மழையில் நனைந்த செம்மண்ணில் ஏற்றிய லாரியை இறக்கியவர் சொன்னது. லெ மான் வென்றவர் சொன்னதும் அதுவே. ஆனால் அகலம் முழுவதையும் எடு என்று அப்பா சொல்லவே மாட்டார், சொன்னால் என்னையும் லாரியையும் எதிரில் வருபவன் எடுத்துக்கொள்வான். ரோட்டு வித்தையும் களத்து வித்தையும் பிரிகிற இடம் அதுதான். ரோட்டில் பாதி நம்முடையது இல்லை.

சோழவரத்துக்கு மாற்று வேண்டும் என்று கிளப்காரர்கள் எண்பதுகளில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கினார்கள். 1990-இல் பாதை திறந்தது. நீளம் 3.7 கிலோமீட்டர், இந்தியாவின் முதல் நிரந்தரப் பந்தயப் பாதை. வளைவுகளை வளைவுகளாகவே திட்டமிட்டுப் போட்ட பாதை என்பது, டிரம் வைத்து ஓட்டிய ஊருக்குச் சின்ன விஷயமில்லை. இந்தக் கட்டத்தில் கோயம்புத்தூர் கரிவர்தனைச் சொல்லாமல் விட முடியாது. ஜவுளி இயந்திரத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர், தானே ஓட்டியவர், தானே காரும் கட்டியவர். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதியை அவர் உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி இன்ஜின், ஒரே மாதிரி வண்டி. இனிமேல் தோற்றால் வண்டியைக் குறைசொல்ல முடியாது. ஓட்டுவது ஒரு வித்தை, அதைத் தனியாக வளர்க்கவேண்டும் என்பதை நம் ஊருக்குப் புரியவைத்த கார் அது என்பேன். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிப்பாளையத்தில் 2003-இல் வந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர், ஆக வாய்வழிப் பாடம் வீட்டிலேயே இருந்தது. இருந்தும் 1992-இல் பையன் பிரான்சுக்கு, எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போனான். 2005-இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனான். பத்திரிகைகள் 2005-ஐக் கொண்டாடின. நான் 1992-ஐக் கொண்டாடுவேன். வேகமாக ஓட்டுவதற்கும் பள்ளிக்கூடம் உண்டு, அங்கே போய் உட்கார்ந்து படிக்கலாம் என்று ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் முடிவெடுத்த வருஷம் அது.

அதன்பின் கதவு மெல்லத் திறந்தது. கிரேட்டர் நொய்டாவில் 2011-இல் 5.125 கிலோமீட்டர் புத் பாதை வந்தது. இந்தியன் கிராண்ட் பிரீ மூன்றே வருஷம் நடந்து நின்றது, மூன்றையும் வெட்டல் வென்றார். பந்தயம் போனாலும் பாதை இருந்தது. கார் கம்பெனிகளும் கிளப்புகளும் நாள் வாடகைக்கு எடுத்து, சொந்தக் காரோடு வருகிறவர்களை ஓட்டவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் அப்படியே. நூர்புர்க்ரிங்கில் 1927-இல் இருந்தது நமக்கும் வந்துவிட்டது.

என் அக்கா மகன் ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து அவனுக்குப் பேச்சே மாறிவிட்டது. ஒரு டிராக் டேவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, என்னையும் வரச்சொன்னான். போனேன். காலையில் முதல் வேலையாகக் கொடிப் பாடம். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், வழி விடு. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாக பிட்டுக்கு வா. நேர்ப்பகுதியில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டினால். எங்கள் ஜாரவா வரிசைக்கு இருக்கும் அளவு விதிகள் அங்கேயும் இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

போர்ஷே 911 நான்கைந்து நின்றன. அவற்றை வாங்க வசதி உள்ளவர்களைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் 911-க்கு இன்ஜின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் லேசாகிச் சுற்ற ஆரம்பிக்கும். ரோட்டில் அப்படிக் காலை எடுப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். காரில் இருக்கும் எலக்ட்ரானிக் காவல் அன்று சிலரைக் காப்பாற்றியது, அவர்களுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

அக்கா மகனுடையது பழைய போலோ. பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் ஒருவர், இளம்பெண், அதிகம் பேசாதவர். அவன் சி-1 என்று சொல்லும் முதல் வளைவுக்கு முன்பே திரும்பித் திரும்பி, வெளியேறும்போது ஓரக்கல்லில் ஏறிக்கொண்டிருந்தான். முன் டயர்கள் கீச்சிட்டன, இவன் ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தான். அவர் சொன்னது இரண்டே வார்த்தை: “பார்வை மேலே.” பானெட்டுக்கு முன்னால் பார்க்காதே, போகவேண்டிய இடத்தைப் பார் என்று அர்த்தம். அடுத்தடுத்த சுற்றுகளில் கை தானே நிதானித்தது. கூச்சல் குறைந்தது, நேரம் குறைந்தது. பந்தயமாக இருந்தால் அவனுக்கு இதைக் கேட்கப் பொறுமை இருந்திருக்காது. பின்னால் ஒருவன், முன்னால் ஒருவன், காதில் எதுவும் ஏறாது. ஜெயிப்பதற்கு ஒன்றும் இல்லாத நாளில்தான் பாடம் இறங்குகிறது.

ஓட்டம் முடிந்து உள்ளே வந்ததும் கைப்பிரேக்கைப் பிடிக்கப் போனான். அவர் தடுத்தார். பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும், பிடித்தால் சூடு ஒரே இடத்தில் தங்கிவிடும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வை. டயர் காற்றை அளந்தோம், சூட்டில் நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறியிருந்தது, இறக்கினோம். மதியம் வரை இதுவே வேலை. சோழவரத்தில் வேலிக்கு வெளியே நின்ற வயதில் இப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் போன் செய்தான்.

“மாமா, அடுத்த தடவை ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை ஆஃப் பண்ணிட்டு ஓட்டலாமா?”

“உன் பக்கத்துல உக்காந்த பொண்ணு என்ன சொல்லுச்சு?”

“அவங்க இன்னும் வேணாம்னாங்க.”

“அப்புறம் எதுக்குடா பெரார்கஞ்சுக்கு போன் பண்ற?”